கைபேசியில் ஸ்டார்டியூ வேலி: முதல் வசந்தத்தின் 28 நாட்களுக்கு முழு வழிகாட்டி

நகர வேலையை உதறிவிட்டுத் தாத்தா விட்டுப்போன பண்ணைக்கு வருகிறீர்கள். கையில் 500 கோல்டு (ஆட்டத்தில் பணத்தின் பெயர்), ஐந்து பழைய கருவிகள், புதர் மண்டிய நிலம். ஸ்டார்டியூ வேலி உங்களுக்குத் தருவது இவ்வளவுதான். கணினியில் 2016 பிப்ரவரியில் வந்த இந்த ஆட்டம் 2018 அக்டோபரில் ஐபோனுக்கும் 2019 மார்ச்சில் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. 1.6 பதிப்பு 2024 நவம்பரில் கைபேசிக்குக் கிடைத்தது. ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் போதும். விளம்பரம் கிடையாது, உள்ளே எதையும் வாங்கச் சொல்லாது, இணையமும் தேவையில்லை. ஆப்பிள் ஆர்கேட் சந்தா வைத்திருப்பவர்களுக்கு அதற்குள்ளேயே தனிப் பதிப்பு உண்டு. ஆட்டத்தில் தமிழ் இல்லை. எளிய ஆங்கிலம் தெரிந்தால் சமாளிக்கலாம்.

புதிதாக ஆடுபவர்கள் பெரும்பாலும் திணறுவது பணத்தால் அல்ல. இருக்கும் காசுக்கெல்லாம் விதை வாங்கி நட்டுவிட்டு, தினமும் தண்ணீர் ஊற்றியே எனர்ஜியைத் தீர்த்துக்கொள்வதால்தான் திணறுகிறார்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கணக்கைச் சுற்றியே போகிறது.

நாளும் எனர்ஜியும்

ஆட்டத்தில் ஒரு நாள் காலை 6 மணிக்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு முடிகிறது. பத்து நிமிடம் என்பது நிஜத்தில் சுமார் 7 வினாடி. ஆக, ஒரு முழு நாள் 14 நிமிடத்துக்குச் சற்று மேல். மெனுவைத் திறந்தால் நேரம் நின்றுவிடும். யோசிப்பது, பொருட்களை அடுக்குவது, வரைபடம் பார்ப்பது எல்லாவற்றையும் மெனுவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் எனர்ஜி 270. மண்வெட்டி, பூவாளி, கோடரி, பிக்காசு எதை வீசினாலும் ஒரு வீச்சுக்கு 2 குறையும். தூண்டிலை ஒருமுறை வீச 8. அரிவாளுக்கும் வாளுக்கும் எனர்ஜியே செலவாகாது, ஆகவே புல்லையும் களையையும் எப்போதும் அரிவாளால் மட்டுமே வெட்டுங்கள். ஒரு முழு மரத்தைச் சாய்க்கப் பத்து அடி, அடிக்கட்டையை எடுக்க இன்னும் ஐந்து. அதாவது ஒரு மரத்துக்கு 30 எனர்ஜி போகும்.

எனர்ஜி பூஜ்யமானால் கதாபாத்திரம் தள்ளாடி நடக்கும். மறுநாள் ஏறத்தாழ பாதி எனர்ஜியோடுதான் எழும். நள்ளிரவு 12-க்குப் பிறகு படுத்தாலும் மறுநாள் எனர்ஜி முழுதாகத் திரும்பாது. 2 மணிவரை வெளியே இருந்தால் மயங்கி விழுவீர்கள். கையிலுள்ள பணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 1,000 கோல்டு போய்விடும். 11:30 ஆனதும் கால்கள் வீட்டுப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

தொடங்கும்போது தேர்வுகள்

முதல் தடவைக்கு ஸ்டாண்டர்டு பண்ணையே நல்லது. பரப்பு அதிகம், தடைகள் குறைவு. கடற்கரைப் பண்ணை பார்க்க அழகு. ஆனால் அதன் மணலில் தானாகத் தண்ணீர் ஊற்றும் ஸ்பிரிங்க்ளர் வேலை செய்யாது என்பதால் பின்னால் வருந்துவீர்கள். 1.6-இல் வந்த மெடோலேண்ட்ஸ் பண்ணையில் கோழிக்கூடும் இரண்டு கோழிகளும் முதலிலேயே கிடைக்கும். ஆனால் பார்ஸ்னிப் என்ற கிழங்கின் விதைக்குப் பதில் வைக்கோல் தருவார்கள் என்பதால் கீழே சொல்லும் முதல் வாரத் திட்டம் அங்கே பொருந்தாது. ஊரின் பாழடைந்த சமூகக் கூடத்தைச் சீராக்கத் தர வேண்டிய பொருட்களின் பட்டியல்களுக்குத் தொகுப்புகள் என்று பெயர். அவற்றை மாற்றிப்போடும் வசதியைத் தொடாமல் விடுங்கள். இங்கே குறிப்பிடும் பட்டியல்கள் இயல்பான அமைப்புக்கானவை.

கட்டுப்பாட்டு முறைகள் பல உண்டு. தொட்ட இடத்துக்கு நடக்கும் முறையில் கல்லைத் தொட்டால் பிக்காசும் மரத்தைத் தொட்டால் கோடரியும் தானாகக் கைக்கு வரும். பண்ணை வேலைக்கு இதை மிஞ்ச வேறில்லை. சுரங்கத்தில் மட்டும் திரை ஜாய்ஸ்டிக் வசதியாக இருக்கிறது. பாறைக்கும் பூச்சிக்கும் நடுவில் விரல் எதைத் தொட்டது என்று ஆட்டம் தவறாகப் புரிந்துகொள்வதுண்டு. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம், அமைப்புகளில் ஒரு நொடி வேலை. திரையை விரலால் பெரிதாக்கி ஆடுங்கள். சின்னத் திரையில் தூரத்துப் பார்வையில் ஆடினால் பக்கத்துக் கட்டத்தில்தான் தண்ணீர் விழும்.

இன்னொரு தொல்லை: கையில் ஏதாவது பொருள் தேர்வாகியிருக்கும்போது ஊராரைத் தொட்டால் அது பரிசாகப் போய்விடக்கூடும். பேச மட்டும் போகிறீர்கள் என்றால் முதலில் ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: 15-இல் நிறுத்துங்கள்

ஊர்த் தலைவர் லூயிஸ் வைத்துப்போகும் பெட்டியில் 15 பார்ஸ்னிப் விதைகள் இருக்கும். அவற்றோடு ஊரின் விதைக்கடைக்காரர் பியரின் கடையில் 500 கோல்டுக்கும் விதை வாங்கி நடத்தான் கை பரபரக்கும். காக்கைகளின் கணக்கைத் தெரிந்துகொண்டால் அப்படிச் செய்ய மாட்டீர்கள். நிலத்தில் 16 செடிகள் சேர்ந்தால்தான் ஒரு காக்கை வரும் வாய்ப்பே தொடங்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு 16 செடிக்கும் இன்னொரு காக்கை, அதிகபட்சம் நான்கு. 15 செடிவரை ஒன்றும் வராது. காக்கையை விரட்டும் சோளக்கொல்லைப் பொம்மையின் செய்முறையோ விவசாயத் திறன் முதல் லெவலில்தான் கிடைக்கும்.

முதல் லெவலுக்கு 100 அனுபவப் புள்ளிகள் வேண்டும். ஒரு பார்ஸ்னிப் அறுத்தால் 8 புள்ளி. 12 பார்ஸ்னிப்புக்கு 96, நாலு புள்ளி குறைகிறது. 13 அறுத்தால் 104. எனவே முதல் நாள் இப்படிச் செய்யுங்கள்:

1. வீட்டு வாசலுக்குக் கீழே, குளத்துக்குப் பக்கமாக ஒரு சின்ன இடத்தை அரிவாள், பிக்காசால் துப்புரவாக்குங்கள். முழு நிலத்தையும் சீர்செய்யப் போகாதீர்கள்.
2. 13 கட்டம் கொத்தி 13 பார்ஸ்னிப் நட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு விதை மீதம் இருக்கட்டும்.
3. பியர் கடை காலை 9 முதல் மாலை 5 வரை. ஒரு காலிஃபிளவர் விதை (80 கோல்டு), ஒரு பீன்ஸ் விதை (60 கோல்டு) வாங்கி நடுங்கள். பீன்ஸ் பந்தல் செடி. அதன் குறுக்கே நடக்க முடியாது. ஓரத்தில் நடுங்கள்.
4. மிச்ச எனர்ஜியை மரத்துக்குச் செலவிடுங்கள். 50 மரத்துண்டு சேர்ந்ததும் ஒரு பெட்டி செய்து விற்பனைப் பெட்டிக்கு அருகே வையுங்கள்.

காக்கைக்கு ஒரு செடி போனால் போகட்டும் என்பவர்கள் கூடுதலாக ஐந்து உருளைக்கிழங்கு (விதை 50 கோல்டு) நடலாம். ஆட்டம் அதற்காக உங்களைக் கவிழ்த்துவிடாது.

இரண்டு முதல் ஐந்தாம் நாள்வரை

இரண்டாம் நாள் காலை மீனவர் வில்லியிடமிருந்து கடிதம் வரும். பகலில் கடற்கரைக்குப் போனால் மூங்கில் தூண்டில் இலவசம். முதல் வாரத்தில் பயிரைவிட மீன்தான் காசு தரும். தூண்டிலை அழுத்திப் பிடித்து விட்டால் நூல் பறக்கும். ஆச்சரியக்குறி தோன்றியதும் தொடுங்கள். பிறகு வரும் நீளமான பட்டையில் மீனின் படம் மேலும் கீழும் ஓடும். பச்சைத் துண்டை அதன்மேல் வைத்திருக்க வேண்டும். அழுத்தினால் ஏறும், விட்டால் இறங்கும். அழுத்தியே பிடித்தால் மேல்நுனியில் முட்டி நிற்கும், விட்டுவிட்டால் கீழே விழுந்து துள்ளும். குட்டிக் குட்டியாகத் தட்டித் தட்டி மிதக்க விடுவதுதான் முறை. கட்டை விரல் பட்டையை மறைக்காத இடத்தில் தட்டுங்கள். முதல் நாள் பாதி மீன் தப்பிவிடும். அப்போது பச்சைத் துண்டு மிகச் சிறியது, திறன் லெவல் ஏற ஏற அது நீளும். ரொம்பவும் கஷ்டமாக இருந்தால் வில்லியிடம் 25 கோல்டுக்குப் பயிற்சித் தூண்டில் உண்டு.

மூன்றாம் நாள் முதல் ஆண்டில் எப்போதும் மழை. அன்று புதன்கிழமை என்பதால் பியர் கடையும் விடுமுறை. தண்ணீர் ஊற்றும் வேலை இல்லாததால் முழு எனர்ஜியையும் மீனுக்கோ மரத்துக்கோ கொடுக்கலாம். (புதன்களில் விதை அவசரமென்றால் ஜோஜா மார்ட் என்ற இன்னொரு கடை திறந்திருக்கும். ஆனால் விலை கால் பங்கு கூடுதல்.)

ஐந்தாம் நாள் பார்ஸ்னிப் முற்றும், சுரங்கமும் திறக்கும். ஊரின் வடக்கே மலைப்பகுதியில் சுரங்க வாசலில் மார்லன் ஒரு துருப்பிடித்த வாள் தருவார். அறுத்த பார்ஸ்னிப்பை எல்லாம் விற்றுவிடாதீர்கள். ஒன்று சமூகக் கூடத்துக்கு, ஒன்று ஊரில் வாழும் பாம் என்ற பெண்ணுக்கு. இந்த இரண்டையும் பெட்டியில் போட்டு வையுங்கள், காரணம் பின்னால். தங்கத் தரத்தில் ஏதாவது கிடைத்தால் அதையும் வையுங்கள். தரமான பயிர்கள் தொகுப்புக்கு ஐந்து வேண்டும். மீதியை விற்பனைப் பெட்டியில் போட்டால் பணம் மறுநாள்தான் வரும். பியரிடம் நேரடியாக விற்றால் அதே விலைக்கு அப்போதே பணம் கிடைக்கும், அங்கேயே விதை வாங்கிவிடலாம்.

அன்றிரவு விவசாயத் திறன் ஒரு லெவல் ஏறும். சோளக்கொல்லைப் பொம்மைக்கு 50 மரம், 20 நார், 1 நிலக்கரி. நிலக்கரி சுரங்கத்தில் கிடைக்கும். ஒரு பொம்மை சுற்றிலும் எட்டுக் கட்ட தூரம் காக்கும். அது நின்ற பிறகே 15-ஐத் தாண்டி நடுங்கள்.

நாற்பது கட்டம்

ஆரம்பப் பூவாளியில் ஒருமுறை நிரப்பினால் 40 கட்டங்களுக்குத் தண்ணீர் வரும். 40 கட்டத்துக்கு 80 எனர்ஜி, அதாவது நாளின் மொத்தத்தில் ஏறக்குறைய முப்பது சதவீதம். புதிதாக நடும் நாளில் கொத்துவதற்கு இன்னும் 80. இதைத் தாண்டிப் போனால் சுரங்கத்துக்கும் மீனுக்கும் எதுவும் மிஞ்சாது. சுரங்கத்துக்குப் போகாவிட்டால் செம்பு வராது. செம்பு வராவிட்டால் பூவாளி மேம்படாது. அதனால் பூவாளியை மேம்படுத்தும்வரை 40 கட்டம்தான் எல்லை. கையில் காசு குறுகுறுத்தால் 2,000 கோல்டுக்குப் பியர் விற்கும் பெரிய பையை வாங்குங்கள். 12 அறைப் பை 24 ஆகும். சின்னத் திரையில் பொருளை எடுத்து எறிந்து இடம் தேடுவது அலுப்பான வேலை, அதனால் கைபேசியில் ஆடுபவர்களுக்கு இதுதான் முதல் பெரிய செலவாக இருக்க வேண்டும்.

எதை நடுவது? பார்ஸ்னிப் 20 கோல்டு விதை, 4 நாள், 35-க்கு விலைபோகும். உருளைக்கிழங்கு 50 விதை, 6 நாள், 80 விலை. சில சமயம் ஒரே செடியில் கூடுதல் கிழங்கு வரும். கேல் கீரை 70 விதை, 6 நாள், 110. காலிஃபிளவர் 80 விதை, 12 நாள், 175. பீன்ஸ் 10 நாளில் காய்த்து அதன்பின் மூன்று நாளுக்கொருமுறை காய்க்கும். ஒரு காய் 40. முதல் பத்து நாளைக்கு உருளையும் கேலும் போதும். பணம் சீக்கிரம் திரும்பும், அனுபவப் புள்ளியும் நன்றாக ஏறும்.

வசந்தம் 28-ஆம் நாள் முடிந்ததும் அந்தப் பருவத்துப் பயிர்கள் எல்லாம் பட்டுப்போகும். ஆகவே கடைசி நடவுத் தேதிகள்: காலிஃபிளவர் 16, உருளையும் கேலும் 22, பார்ஸ்னிப் 24. ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் அறுவடை ஒரு நாள் தள்ளிப்போகும் என்பதால் விளிம்புத் தேதியில் நட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள்.

சுரங்கமும் பூவாளியும்

சுரங்கம் 120 தளம். ஐந்து தளத்துக்கு ஒருமுறை மின்தூக்கி நிற்கும். எத்தனாவது தளத்தில் விட்டீர்களோ அதற்கு முந்தைய ஐந்தின் மடங்கிலிருந்து மறுநாள் தொடரலாம். செம்பு 1 முதல் 39 தளம்வரை, இரும்பு 40-இலிருந்து, தங்கம் 80-இலிருந்து. காலையில் தொலைக்காட்சியில் சோதிடம் பார்த்து, அதிர்ஷ்டம் நல்லதாக இருக்கும் நாளில் இறங்குங்கள். மழை நாளும் சுரங்கத்துக்கு உகந்தது. தின்ன ஏதாவது கையில் வேண்டும். பண்ணைக்குத் தெற்கே உள்ள காட்டின் தென்கிழக்கு மூலையில் வசந்த வெங்காயம் முளைத்துக் கிடக்கும், ஒன்றுக்கு 13 எனர்ஜி. உயிர்ப்பட்டை கால்வாசிக்குக் கீழ் போனால் ஏணியைத் தேடாமல் வெளியேறிவிடுங்கள். உள்ளே விழுந்தால் பணத்தோடு பொருட்களும் போகும்.

முதல் செம்புத் தாது கிடைத்த மறுநாள் காலை ஊரின் கொல்லர் கிளின்ட் வீட்டுக்கு வந்து உலையின் செய்முறையைத் தருவார்: 20 செம்புத் தாது, 25 கல். ஐந்து தாதும் ஒரு நிலக்கரியும் போட்டால் ஒரு செம்புக் கட்டி. பூவாளியைச் செம்புக்கு உயர்த்த ஐந்து கட்டியும் 2,000 கோல்டும் ஆகும். அதற்குப் பின் அழுத்திப் பிடித்து விட்டால் மூன்று கட்டங்களுக்கு ஒரே வரிசையில் தண்ணீர் விழும்.

சிக்கல் என்னவென்றால் கிளின்ட் கருவியை இரண்டு நாள் வைத்துக்கொள்வார். அதுவரை பூவாளி இல்லை. தினமும் தொலைக்காட்சியில் வானிலை பாருங்கள். நாளை மழை என்று சொன்னால், இன்று காலை தண்ணீர் ஊற்றிவிட்டு மாலை 4 மணிக்குள் கிளின்டிடம் கொடுங்கள். நாளை மழை பார்த்துக்கொள்ளும். நாளை மறுநாள் 9 மணிக்குக் கடை திறந்ததும் வாங்கிவந்து ஊற்றலாம். ஒரு செடிகூடத் தாகத்தில் நிற்காது.

ஸ்பிரிங்க்ளரைப் பற்றி ஒரு வார்த்தை. விவசாய லெவல் 2-இல் கிடைக்கும் சாதாரண ஸ்பிரிங்க்ளர் நான்கு கட்டத்துக்கு மட்டுமே ஊற்றும், அதற்கும் இரும்புக் கட்டி ஒன்று வேண்டும். இரண்டு மூன்று செய்துவிட்டு நிறுத்திக்கொள்வது நல்லது. எட்டுக் கட்டம் ஊற்றும் அடுத்த வகை லெவல் 6-இல் வருகிறது. இரும்பு, தங்கம், சுத்திகரித்த குவார்ட்ஸ் எல்லாவற்றையும் அதற்காகச் சேர்த்து வையுங்கள்.

சமூகக் கூடம்

ஐந்தாம் நாளோ அதற்குப் பின்னோ, மழையில்லாத ஒரு நாளில், காலை 8 முதல் பகல் 1 மணிக்குள் பேருந்து நிறுத்தம் வழியாக ஊருக்குள் நுழையுங்கள். லூயிஸ் பாழடைந்த கூடத்தைத் திறந்து காட்டுவார். உள்ளே தங்கநிறச் சுருளைத் தொட்டால் மறுநாள் மந்திரவாதியின் கடிதம் வரும். காட்டின் மேற்கே உள்ள கோபுரத்துக்குப் போய் வந்தபின் சுருள்களைப் படிக்க முடியும். வசந்தத்தில் முடிக்கக்கூடிய தொகுப்புகள் இரண்டு. காட்டில் கிடைக்கும் முள்ளங்கி வகை, டாஃபடில், லீக், டான்டிலியன் ஆகியவற்றில் ஒவ்வொன்று; பிறகு பார்ஸ்னிப், பீன்ஸ், காலிஃபிளவர், உருளை ஒவ்வொன்று. முதல் நாளே ஒற்றைக் காலிஃபிளவரும் பீன்ஸும் நடச் சொன்னது இதற்காகத்தான். இந்தப் பருவத்தில் தவறினால் பெரும்பாலும் அடுத்த வசந்தம்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். உணவறைத் தொகுப்புகள் எல்லாம் நிறைந்தால் பசுமைக்குடில் கிடைக்கும். அதில் பருவமே கிடையாது.

13-ஆம் நாள் திருவிழா

முட்டைத் திருவிழாவுக்குக் காலை 9 முதல் பகல் 2 மணிக்குள் ஊர்ச் சதுக்கத்துக்குப் போக வேண்டும். அங்கே பியரின் கடையில் மட்டும் ஸ்ட்ராபெரி விதை 100 கோல்டு. எட்டு நாளில் பழுத்து, நான்கு நாளுக்கொருமுறை மீண்டும் பழுக்கும், பழம் 120. திருவிழா முடிந்து வீடு திரும்பும்போது இரவு 10 மணி ஆகியிருக்கும். பலர் இருட்டில் அவசர அவசரமாகக் கொத்தி நடுவார்கள். தேவையில்லை. 14-ஆம் நாள் காலை நட்டால் 22, 26 தேதிகளில் இரண்டு பறிப்பு. 16-இல் நட்டாலும் 24, 28 என்று இரண்டு வரும், ஒரு நாளும் தண்ணீர் தவறக்கூடாது, அவ்வளவே. 12-ஆம் தேதிக்குள் 1,500 கோல்டாவது சேர்த்து வைத்திருங்கள். உருளையும் கேலும் அறுத்த கட்டங்கள் அப்போது காலியாக இருக்கும்படி முதல் வாரமே திட்டமிடுவது நல்லது.

ஊராரோடு பழகுதல்

ஒருவருக்கு வாரத்தில் இரண்டு பரிசு, நாளுக்கு ஒன்று. வாரம் ஞாயிற்றுக்கிழமை புதிதாகத் தொடங்கும். நட்பை இதயங்களால் அளக்கிறார்கள், ஓர் இதயத்துக்கு 250 புள்ளி. பேசினால் 20, பிடித்த பரிசுக்கு 45, மிகப் பிடித்ததற்கு 80. பிறந்தநாளில் பரிசுப் புள்ளி எட்டு மடங்கு. வசந்தம் 18 பாமின் பிறந்தநாள், அவளுக்கு மிகப் பிடித்தவற்றில் பார்ஸ்னிப்பும் ஒன்று. பெட்டியில் வைத்த அந்த ஒரு பார்ஸ்னிப் 640 புள்ளி, இரண்டரை இதயம்! ஊர்ப் பெண்களில் அபிகேலுக்கு மிகப் பிடித்தது அமெதிஸ்ட் என்ற ஊதாக் கல், லியாவுக்குச் சாலட் (கஸ் நடத்தும் மதுக்கடையில் 220 கோல்டு). திருமணம் பற்றி இப்போதே யோசிக்க வேண்டாம். எட்டு இதயத்தில் பூங்கொத்து, பத்து இதயத்தில் 5,000 கோல்டு பதக்கம் என்று அது நீண்ட வழி. 24-ஆம் நாள் மலர் நடனத்தில் யாராவது உங்களோடு ஆட நான்கு இதயம் வேண்டும். முதல் ஆண்டில் மறுத்தால் மனம் தளராதீர்கள்.

சேமிப்பு

படுத்து உறங்கினால்தான் நாள் முறையாகப் பதிவாகும். கைபேசிப் பதிப்பில் இடையில் வெளியேறினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும் தானியங்கிச் சேமிப்பு உண்டு. அழைப்பு வந்தால் பதற வேண்டாம். ஆனால் அதையே நம்பிச் செயலியை வலுக்கட்டாயமாக மூடாதீர்கள். கணினியில் ஆடும் சேமிப்போடு இது தானாக இணையாது. செயலியை நீக்குமுன், கைபேசியை மாற்றுமுன் சேமிப்பை நகலெடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கதாபாத்திரத்தின் பெயரும் ஓர் எண்ணும் கொண்ட கோப்புறைதான் அது. உள்ளிருக்கும் ஒரு கோப்பை மட்டும் எடுத்தால் திறக்காது, கோப்புறையை முழுதாக எடுக்க வேண்டும். ஐபோனைக் கணினியில் இணைத்தால் கோப்புப் பகிர்வில் ஆட்டத்தின் பெயருக்குக் கீழே கிடைக்கும்.

28-ஆம் நாள்

முற்றியதை எல்லாம் அறுத்துவிடுங்கள், நாளை எதுவும் மிஞ்சாது. கோடை முதல் நாள் திங்கள், பியர் கடை திறந்திருக்கும். எனவே இன்றே விற்றுக் காசாக்கி வையுங்கள். புளூபெரி விதை 80 கோல்டு. 13 நாளில் காய்த்து நான்கு நாளுக்கொருமுறை செடிக்கு மூன்று பழம், பழம் 50. முதல் நாள் நட்டால் 14, 18, 22, 26 என நான்கு பறிப்பு, செடிக்கு 600 கோல்டு. பூவாளியை மட்டும் இன்று கிளின்டிடம் கொடுத்துவிடாதீர்கள்.